ஆறு வருடம், ஒரு மேசைத்தறி, ஒரு தையல் மெஷின்

என் வீட்டில் மேசைத்தறி வந்து ஆறு வருடம் ஆகிறது. 60 செ.மீ. அகலம். அதற்குப் பக்கத்திலேயே, அதைவிட வயதில் மூத்த ஒரு தையல் மெஷின். முதல் இரண்டு வருடம் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்துப் பார்த்தேன். நெய்வது ஒரு வேலை, நெய்ததை எடுத்துத் தைப்பது இன்னொரு வேலை. அந்த எண்ணம் மாறிய பிறகுதான் என் கையிலிருந்து உருப்படியான பொருட்கள் வரத் தொடங்கின. தறி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் தறிக்கு மிதி கிடையாது. இழைகளை இடைவெளி விட்டு நிறுத்தும் அச்சும், அவற்றைத் தூக்கி இறக்கும் விழுதும் சேர்ந்து ஒரே பலகையாக இருக்கும். அதில் ஒரு சந்து, ஒரு கண், மறுபடி ஒரு சந்து என்று மாறி மாறி வரும். கண்ணில் கோத்த இழை பலகையோடு ஏறி இறங்கும், சந்தில் கோத்த இழை இருந்த இடத்திலேயே இருக்கும். பலகையைத் தூக்கி வைத்தால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், ஒரு விதமாக வாய் திறக்கும், இறக்கி வைத்தால் வேறு விதமாகத் திறக்கும். குறுக்கே போகும் ஊடை நூலை அந்த வாய்க்குள் விட்டு, அதே பலகையால் தட்டி ஒட்ட வைக்க வேண்டும். ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே என்று போகும் சாதா நெசவுக்கு இது தாராளமாகப் போதும். சாய்வுக் கோடு விழும் ட்வில் போன்றவற்றைத்தான் அதிகம் நெய்ய ஆசை என்றால் இந்தத் தறி வேண்டாம், நான்கு விழுதாவது உள்ள தறியைப் பாருங்கள். நான் சாதா நெசவிலேயே திருப்தியாக இருக்கிறேன். கோடும் கட்டமும் போட்டாலே ஒரு ஆயுளுக்கு வேலை இருக்கிறது.

தறியோடு வந்த பலகையில் 10 செ.மீ.க்கு 40 இழை. எந்த நூல் எந்தப் பலகைக்குச் சரிவரும் என்று பார்க்க எளிய வழி உண்டு. ஸ்கேலின் மேல் ஒரு அங்குல இடத்தில் நூலை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். 20 சுற்று விழுந்தால் அதில் பாதி, அதாவது அங்குலத்துக்கு 10 இழை, சாதா நெசவுக்குச் சரியான நெருக்கம். 10 செ.மீ. கணக்கில் அது 40 பலகைதான். நான் அதிகம் எடுப்பது 8ஆம் நம்பர் பருத்தியில் நாலிழை முறுக்கு. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் (நூல் சுருள்) எத்தனை வருகிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். ஆகவே 8ஆம் நம்பர் நூல் நான்கை முறுக்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 3,390 மீட்டர் வரும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, பாதி நெசவில் நூல் தீர்ந்துபோய்க் கையைப் பிசைகிற நிலை எனக்கு வரவில்லை.

சரி, பாவுக்கு வருவோம். எல்லாம் இங்கேதான் முடிவாகிறது.

இரண்டு கைத்துண்டுக்கு நான் போடும் பாவைச் சொல்கிறேன். 50 செ.மீ. அகலம், 200 இழை, 2.4 மீட்டர் நீளம். துண்டு ஒன்றுக்கு 85 செ.மீ. நெய்ய வேண்டும். இழைகள் மேலும் கீழும் வளைந்து போவதால் குறைகிற நீளத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். தறியின் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் வீணாகும் 55 செ.மீ.யையும் சேர்ப்பேன். தறியை மேசையின் ஒரு முனையில் இறுக்கி, 2.4 மீட்டர் தள்ளி ஒரு முளை அடித்து, சந்துக்கு ஒரு வளையமாக நூலை இழுத்துக்கொண்டு போய் முளையில் மாட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். 100 சந்து, 100 நடை. பிறகு வளையங்களை வெட்டி, பாவைப் பின் உருளையில் சுற்றி, ஒவ்வொரு சந்திலும் உள்ள இரண்டு இழையில் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கண்ணில் கோக்க வேண்டும்.

முதல் பாவில் நான் செய்த தவறு உருளையில் சுற்றும்போது நேர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் காகிதம் வைக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் கையில் கிடைத்த செய்தித்தாளை வைத்துவிட்டேன். அது மெல்லிய தாள். ஓரத்து இழைகள் அதை அமுக்கிக்கொண்டு சரிந்து கீழே இறங்கிவிட்டன. நடுவில் உள்ள இழைகளுக்கு ஒரு சுற்றளவு, ஓரத்து இழைகளுக்கு அதைவிடச் சிறிய சுற்றளவு. முக்கால் மீட்டர் நெய்ததும் இரண்டு ஓரமும் தொளதொளவென்று தொங்கின. எவ்வளவு இறுக்கினாலும் நடுப்பகுதிதான் இறுகியது. இப்போது தடித்த பழுப்புத் தாள், பாவைவிட இரண்டு பக்கமும் 3 செ.மீ. அகலமாக வெட்டியது, அதைத்தான் வைக்கிறேன். பத்து நடைக்கு ஒருமுறை உள்ளங்கையைப் பாவின் மேல் தட்டையாக வைத்துப் பார்ப்பேன். தளர்ந்த இழை கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் இந்தப் பாவு வேலைக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. இன்று இரண்டரை மணி நேரம். அவசரப்பட்டு இதற்கு மேல் குறைத்ததில்லை, குறைக்கவும் விரும்பவில்லை.

நெய்யும்போது எல்லோரும் கேட்பது ஓரத்தைப் பற்றித்தான். ஊடை நூலை நேர்க்கோடாக இழுத்துவிட்டுத் தட்டினால் துணி உள்வாங்கிக்கொண்டே போகும். 50 செ.மீ.யில் ஆரம்பித்து 43க்கு வந்து நிற்கும், ஓர இழைகள் பலகையில் உரசி அறுந்துவிடும். ஊடையை ஒரு சின்ன மலை போல வளைத்து விட்டு, வாயை மூடி, அப்புறம் தட்டினால் அந்த வளைவு முழுவதும் இழைகளின் ஏற்ற இறக்கத்துக்குச் செலவாகிவிடும். எனக்கு இந்த வளைவு கைக்கு வர ஐந்தாறு துண்டு ஆனது. ஓரம் சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஊடை ஒருமுறை குறுக்கே போவது ஒரு ஓட்டம்) குனிந்து பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் அது சரியாக வரத் தொடங்கியது. இழை அறுந்தாலும் பயப்பட வேண்டாம். அதே நிறத்தில் புது இழை ஒன்றைக் கண்ணில் கோத்து, நெய்த துணியில் ஒரு குண்டூசி குத்தி அதைச் சுற்றி எட்டு போலக் கட்டி, மறுமுனையில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். துவைத்த பிறகு அந்த இடத்தைத் தேடினால்கூடக் கிடைக்காது.

இனி துவைப்பு. நெய்த இழைகள் ஒன்றோடொன்று பழகித் துணியாவது தண்ணீரில்தான். தறியிலிருந்து இறக்கும்போது அது சல்லடை போல இருக்கும், விரலால் தள்ளினால் இழை நகரும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, லேசாக அலசி, முறுக்காமல் காயவைத்து, ஈரம் முழுவதும் போவதற்குள் இஸ்திரி போட்டால் கைக்கு வருவது வேறு துணி. என் நாலிழைப் பருத்தி தறியில் 46 செ.மீ. அகலம் நிற்கும், துவைத்ததும் 43க்கு வரும். 85 செ.மீ. நீளம் 75 ஆகும். கம்பளி நூலை மட்டும் இப்படித் தேய்த்துத் துவைக்கக் கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அதன் செதில்கள் பின்னிக்கொண்டு இறுகிவிடும்.

வெட்டும் முன்பே துவைக்க வேண்டும் என்பதை நான் கற்றது ஒரு தோள்பையை இழந்துதான். மூன்று வாரம் உட்கார்ந்து நெய்த கட்டம் போட்ட துணி. துவைக்காமலேயே வெட்டி, உள்ளே லைனிங் கொடுத்து, பட்டை வைத்துத் தைத்து முடித்தேன். முதல் துவைப்பில் வெளித்துணி சுருங்கியது, லைனிங் சுருங்கவில்லை. பை முழுவதும் சுருக்கம் விழுந்து, அடிப்பகுதி புடைத்துக்கொண்டு நின்றது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதல்ல தண்ணிக்குக் காட்டணும்மா, அப்புறம்தான் கத்தரிக்கோலுக்குக் காட்டணும்” என்றார். அன்றிலிருந்து துவைக்காத துணி எதுவும் என் வெட்டும் மேசைக்கு வந்ததில்லை.

அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. வெட்டிய விளிம்புகள் எல்லாம் தையலை விட்டு வெளியே அவிழ்ந்துகொண்டிருந்தன. கடைத்துணி மாதிரி வெட்டித் தைத்தால் கைத்தறித் துணி, அதுவும் இவ்வளவு தடித்த நூலில் நெய்தது, நிற்காது. இப்போது நான் செய்வது இதுதான். வெட்ட வேண்டிய கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் ஒரு வரி ஜிக்ஜாக் போட்டுவிட்டு, நடுவில் வெட்டுவேன். நேர்க்கோடு வேண்டுமென்றால் சாக்பீஸைத் தொடுவதில்லை. ஒரு ஊடை இழையை ஊசி நுனியால் கிளப்பி மெதுவாக இழுத்து எடுத்தால், துணியில் ஒரு மெல்லிய தடம் விழும். அதைவிட நேரான கோட்டை எந்த ஸ்கேலும் தராது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே நெய்யும்போதே வேறு நிறத்தில் இரண்டு ஓட்டம் விட்டுவிட்டால் அதுவே வெட்டும் கோடு.

தறியும் மெஷினும் ஒரே வேலையின் இரண்டு முனை என்று நான் சொல்வது இதனால்தான். கைத்துண்டின் இரண்டு நுனியையும் மடித்துத் தைக்க வேண்டும் என்பது பாவு போடும்போதே தெரியும். அந்த 4 செ.மீ.யை மட்டும் பாதித் தடிமன் நூலால் நெய்தால், மூன்று மடிப்பாக மடித்தாலும் கயிறு போலப் புடைக்காது. சட்டை தைக்கும்போதும் கழுத்து வளைவும் கை வளைவும் உள்ள மாதிரியை நான் எடுப்பதில்லை. நீள்சதுரங்களாகவே நெய்து, துணி ஓரங்களை அருகருகே வைத்துக் கையால் மறைதையல் போட்டு இணைப்பேன். ஓரம் ஏற்கெனவே அவிழாதது, அதை வெட்டுவானேன்? 43 செ.மீ. பட்டை நான்கு இருந்தால் ஒரு தொளதொளப்பான மேல்சட்டை வந்துவிடும். என்னிடம் இருப்பவற்றில் அதிகம் போட்டுக் கழுவியது அப்படித் தைத்த சட்டைதான். நாலு வருடம் ஆகிறது, தோள் இணைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போடும் சாதாரண மெஷின், அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கேஸ் உலோகம். இந்தத் துணிக்கு 90/14 ஊசி வைக்கிறேன். 90 என்பது ஊசித்தண்டின் விட்டம், 0.9 மி.மீ. தையல் நீளம் 2.5 மி.மீ. மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் ஒன்று வாங்கினேன். கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது.

கைத்தறித் துணி நிறையப் பஞ்சு உதிர்க்கும். ஒவ்வொரு பொருள் முடிந்ததும் பாபின் இடத்தைத் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஷட்டில் ஓடும் பாதையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். ஒரு சமயம் துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகச் சிக்கிக்கொண்டே இருந்தது. பாபினை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் கோளாறு மேல் நூலில். துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருந்தேன். ஃபுட் கீழே இருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்தேன், அடுத்த தையலே சுத்தமாக வந்தது.

ஆறு வருடத்தில் எது தேய்ந்தது என்றால், தறியின் மரம் நன்றாக இருக்கிறது. வருடம் ஒருமுறை தேன்மெழுகு தேய்க்கிறேன், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளை இறுக்குகிறேன். பலகையின் கண்களில் இதுவரை தேய்மானம் இல்லை. உருளையைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கி மட்டும் மூன்றாவது வருடம் பல் மழுங்கி, இறுக்கமான பாவில் நழுவ ஆரம்பித்தது, மாற்றினேன். பாவு மாட்டும் குச்சிகளை உருளையோடு கட்டும் கயிறும் ஒருமுறை மாற்றியாயிற்று. நெய்யாத நாட்களில் பாவை இறுக்கமாகவே விட்டுவைக்காமல் ஒரு பல் தளர்த்திவிடுங்கள், நூலுக்கும் நல்லது, தறிக்கும் நல்லது. உடம்பைப் பொறுத்தவரை, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் எனக்குத் தோள் பிடித்துக்கொள்கிறது. கடிகாரம் பார்த்து எழுந்துவிடுகிறேன்.

திரும்ப வாங்கினாலும் இதே 60 செ.மீ. தறியைத்தான் வாங்குவேன். 80 செ.மீ. தறியில் கொஞ்ச நாள் நெய்து பார்த்தேன், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கை நீள வேண்டியிருந்தது, முதுகு கேட்கவில்லை. மிச்சமாகும் பணத்தில் 10 செ.மீ.க்கு 50 இழைப் பலகை ஒன்றை முதல் நாளே சேர்த்து வாங்குங்கள். சட்டைத் துணிக்கு 40 பலகை முரடாகத்தான் இருக்கும். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் சட்டைக்கென்று நெய்ததெல்லாம் இன்று திண்டு உறைகளாக இருக்கின்றன.