பகடை உலகத்து நாவல்கள்: எதில் தொடங்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளின் உலகங்களில் நடக்கும் நாவல்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஆண்ட்ரே நார்ட்டன் 1978-இல் எழுதிய 'க்வாக் கீப்' முதல் ஆள். விளையாடிக்கொண்டிருந்தவர்களே விளையாட்டு உலகத்துக்குள் இழுக்கப்படும் கதை அது. அவர்கள் கையில் பகடை பதித்த காப்பு வேறு மாட்டியிருக்கும். இன்றைக்கு அதைச் சரித்திர ஆர்வத்துக்காகப் புரட்டலாம், அவ்வளவுதான்.

"எதில் தொடங்க?" என்று யார் கேட்டாலும் இரண்டு பதில்கள் தயாராக வந்து விழும்: டிராகன்லான்ஸ் என்ற நாவல் வரிசை, அல்லது டிரிஸ்ட் என்ற நாயகனின் நாவல்கள். கேட்பவர் விளையாடுகிறவரா, விளையாட்டையே பார்த்திராதவரா, அடுத்த வாரம் டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்காரப்போகிறவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் பதில் மாறும்.

இந்த வகை நாவலை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். விளையாட்டுப் புத்தகத்தில் உள்ள ஒரு விதி, நாவலில் ஒரு மனிதரின் தலையெழுத்தாக மாறியிருக்கிறதா? இல்லை, பக்கத்துக்குப் பக்கம் பகடை உருளும் சத்தம்தான் கேட்கிறதா?

முதலில் டிராகன்லான்ஸ். மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்' 1984-இல் வந்தது. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு நாவல்கள். மூன்றும் சேர்ந்து 'க்ரானிக்கிள்ஸ்'. நாவல்களும், அதே கதையை மேஜையில் விளையாடுவதற்கான சாகசப் புத்தகங்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்து உருவானவை. அந்தப் பலமும் பலவீனமும் முதல் நூறு பக்கத்திலேயே தெரிந்துவிடும். பெரிய மரங்களின் மேல் கட்டிய ஊர், அங்கே ஒரு விடுதி, பல வருடம் கழித்துச் சந்திக்கும் நண்பர்கள். அரை எல்ஃப் தலைவன், கவசம் போட்ட வீரன், முரட்டு ட்வார்ஃப் என்ற குள்ளன், கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளும் கெண்டர் என்ற குட்டி இனத்தவன், இரட்டைச் சகோதரர்களில் ஒருவன் பலசாலி, மற்றவன் மந்திரவாதி. மேஜையைச் சுற்றி ஆளுக்கொரு கேரக்டர் ஷீட்டோடு (பாத்திரத்தின் திறன்களைக் குறித்த தாள்) உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் நாவலில் ஸாக் ட்ஸாரோத் என்ற இடிந்த நகரம் வரும். கீழே இறங்க அங்கே ஒரு லிஃப்ட் உண்டு. சங்கிலியில் தொங்கும் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள்தான் லிஃப்ட். ஒன்று மேலே வர வேண்டுமானால் மற்றதில் கூட்டமாகக் கல்லி ட்வார்ஃபுகள் ஏறிக் குதித்து எடை கூட்ட வேண்டும். படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 'இந்த அறையில் இந்தப் பொறி, அடுத்த அறையில் அடுத்த பொறி' என்று வரைபடத்தில் குறித்துவைத்தது அப்படியே கதைக்குள் வந்திருப்பதும் தெரியும். விளையாடுகிறவருக்கு அது இனிப்பு. மற்றவருக்கு, "இவர்கள் ஏன் இப்போது இங்கே வந்தார்கள்?" என்ற கேள்வி.

சரி, அப்படியானால் இதை ஏன் பரிந்துரைக்க வேண்டும்? ரெய்ஸ்ட்லினுக்காக, அந்த இரட்டையரில் மந்திரவாதியானவனுக்காக. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி மந்திரவாதி காலையில் புத்தகத்தைப் பார்த்து மந்திரத்தை மனப்பாடம் செய்வான். ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். விளையாட்டில் இது ஒரு கணக்கு வழக்கு. ஒருவரே எல்லாச் சண்டையையும் ஜெயித்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி. நாவலில் அதே விதி ஓர் உடம்பாக மாறுகிறது. ரெய்ஸ்ட்லின் மந்திரம் சொல்லி முடித்ததும் இருமி இருமிச் சகோதரன் தோளில் சாய்கிறான். தன்னைத் தாங்கிப் பிடிக்கும் அந்தக் கையை அவனால் வெறுக்காமலும் இருக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவன் கண்மணிகள் மணல் கடிகார வடிவத்தில் இருக்கும். எதைப் பார்த்தாலும் அது மூப்படைந்து அழிவதுதான் தெரியும். அழகான பெண்ணைப் பார்த்தாலும் அதே கதி. மந்திரத் தேர்வில் அவன் கொடுத்த விலை அது. இந்த ஒரு பாத்திரத்துக்காகவே அந்த மூன்று புத்தகங்களின் தட்டையான பகுதிகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க வேண்டியது கொஞ்சமல்ல. இரண்டாவது நாவலைத் திறந்தால், இடையில் ஒரு பெரிய சாகசம் நடந்து முடிந்துவிட்டதாகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கம் தவறிவிட்டதோ என்று திருப்பிப் பார்க்கத் தோன்றும். தவறவில்லை, எழுதவே இல்லை. அந்த விடுபட்ட பகுதி 2006-இல்தான் தனி நாவலாக வந்தது. 1986-இல் வெளியான 'லெஜண்ட்ஸ்' மூன்று நாவல்கள் இதைவிட எல்லா வகையிலும் மேல். பாத்திரங்கள் குறைவு, கதை இறுக்கம், மையத்தில் அந்தச் சகோதரர்கள் இருவரும். சிக்கல் என்னவென்றால், க்ரானிக்கிள்ஸைப் படிக்காமல் லெஜண்ட்ஸுக்குள் போனால் பாதி வலி புரியாது. நல்லதை அடைய மூன்று நாவல்களைச் சுங்கமாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

டிரிஸ்ட் பக்கம் அந்தச் சுங்கம் இல்லை. ஆர். ஏ. சால்வடோர் 1990-இல் எழுதிய 'ஹோம்லேண்ட்' ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தில் நடக்கிறது. ஆனால் அந்த உலகத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் உள்ளே போகலாம். கதை கிட்டத்தட்ட முழுவதும் பூமிக்கடியில் உள்ள மென்சோபெரன்சன் என்ற, டிரோக்களின், அதாவது இருள் எல்ஃப்களின், நகரத்திலேயே நடக்கிறது. லால்த் என்ற சிலந்தித் தெய்வத்தை வணங்கும் பெண் பூசாரிகள் ஆளும் ஊர். குடும்பங்களுக்குத் தரவரிசை உண்டு. மேலே உள்ள குடும்பத்தை அழித்தால் நீங்கள் ஒருபடி ஏறலாம். சட்டப்படி அது குற்றமில்லை, புகார் சொல்ல அந்தப் பிரபுக் குடும்பத்தில் ஒருவர்கூட உயிரோடு மிஞ்சாதவரை.

அதன் தொடக்கத்தைப் பாருங்கள். டிரிஸ்டின் டோ'உர்டன் குடும்பம் இன்னொரு குடும்பத்தைத் தாக்குகிறது. அதே நேரம் தலைவி மாலிஸ் பிரசவ வலியில் இருக்கிறாள். அந்த வலியையே தாக்குதலுக்கான மந்திர சக்தியாகத் திருப்பிவிடுகிறார்கள். பிறப்பது மூன்றாவது மகன் என்றால் தெய்வத்துக்குப் பலி. கத்தி தயாராக இருக்கிறது. அங்கே சண்டைக்களத்தில் இரண்டாவது மகன், குழப்பத்தைப் பயன்படுத்தி, மூத்தவனை முதுகில் குத்திக் கொல்கிறான். அந்தக் கொலையால் புதிதாகப் பிறந்தவன் மூன்றாவது மகன் இல்லை, இரண்டாவது மகன். பலி தேவையில்லை. டிரிஸ்ட் உயிரோடு இருப்பதே ஓர் அண்ணன் இன்னோர் அண்ணனைக் கொன்றதால்தான். ஊரின் சட்டம், குடும்பத்தின் குணம், நாயகனின் நிலை மூன்றும் ஒரே காட்சியில் முடிந்துவிட்டது. விளையாட்டுப் புத்தகங்களில் 'டிரோ: தீய இனம்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் சங்கதியை, அதற்குள்ளேயே பிறந்து அதை ஏற்க முடியாத ஒருவன் எப்படி வாழ்வான் என்ற கேள்வியாக மாற்றியது இந்த நாவலின் சாமர்த்தியம்.

அதே இடத்தில்தான் நெருடலும். கறுத்த தோலும் பெண்களின் ஆட்சியும் சேர்ந்த ஒரு சமூகம் முழுக்கக் கொடியது என்று வைத்து, அதிலிருந்து விலகும் ஒருவன் மட்டும் நல்லவன் என்பது இன்றைக்குப் படிக்கும்போது உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். பரிந்துரைக்கும்போது இதையும் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, வாள்சண்டை. சால்வடோர் சண்டையை அடி அடியாக எழுதுவார். எந்தக் கையில் எந்த வாள், எந்தக் கால் முன்னே, எதிராளி எப்படித் திரும்பினான், எல்லாம் வரும். பிடித்தவர்களுக்கு அதுதான் தொடரின் உயிர். பிடிக்காதவர்கள் இரண்டு பக்கம் தாண்டினாலும் கதை எங்கும் போய்விடாது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் டிரிஸ்ட் எழுதும் நாட்குறிப்பு வேறு இருக்கும். பதினைந்து வயதில் அது தத்துவம். அப்புறம் படித்தால் கொஞ்சம் உபதேசம்.

டிரிஸ்ட் ரசிகர்களுக்குள் ஒரு பஞ்சாயத்து எப்போதும் உண்டு. முதலில் எழுதப்பட்ட 'தி கிரிஸ்டல் ஷார்ட்' 1988-இல் வந்தது. ஹோம்லேண்ட் அதற்கு முந்தைய கதையைச் சொல்லும் பின்னால் எழுதிய நாவல். எது முதலில்? என் ஓட்டு ஹோம்லேண்டுக்கு. 'கிரிஸ்டல் ஷார்ட்' சால்வடோரின் முதல் புத்தகம் என்பது ஒவ்வோர் அத்தியாயத்திலும் தெரியும். அதில் டிரிஸ்ட் நாயகனாகத் திட்டமிடப்பட்டவனும் அல்ல. பனிப் பிரதேசத்து இளைஞன் வுல்ஃப்கார்தான் நாயகன், டிரிஸ்ட் துணைப் பாத்திரமாக வந்து கதையைக் கைப்பற்றிக்கொண்டவன். அந்தக் கைப்பற்றலை ரசிக்கலாம்தான், ஆனால் புதிதாக வருபவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிவு எளிது. விளையாடும் குழுவோடு சேர்ந்து ஒரே நேரத்தில் படிக்க டிராகன்லான்ஸ். யாருக்கு யாரைப் பிடிக்கிறது என்று சண்டை போட நிறைய ஆட்கள் அதில் உண்டு. தனியாக ஒரே ஒரு புத்தகத்தில் இந்த வகை பிடிக்குமா என்று பார்க்க ஹோம்லேண்ட்.

ஆனால் விளையாட்டே தெரியாத, நல்ல நாவல் மட்டும் வேண்டும் என்கிற நண்பருக்கு இரண்டையும் கொடுக்க மாட்டேன். அவருக்கு 'டிராக்கன்ஃபெல்ஸ்'. 1989-இல் வார்ஹாமர் ஃபேன்டஸி என்ற இன்னொரு விளையாட்டின் உலகத்துக்காக ஜாக் இயோவில் என்ற பெயரில் கிம் நியூமன் எழுதியது. ஒரு வீரர் குழு பயங்கர மந்திரவாதியின் கோட்டைக்குள் நுழைகிறது. வழக்கமான நாவல் இதற்கு மூன்று பாகம் எடுக்கும், இவர் அதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார். கதை ஆரம்பிப்பதே இருபத்தைந்து வருடம் கழித்துத்தான். அந்த வெற்றியை நாடகமாகப் போட வேண்டும், அதுவும் அதே கோட்டையில், என்று அன்று அந்தக் குழுவில் இருந்த இளவரசன் ஆசைப்படுகிறான். கடன்காரர் சிறையில் கிடக்கும் நாடகாசிரியன் ஒருவனை அதற்காக வெளியே எடுக்கிறான். ஒத்திகை, நடிகர்களின் அகங்காரம், செலவுக் கணக்கு, நடுவே ஒவ்வொன்றாக விழும் பிணங்கள். அன்றைக்குக் கோட்டைக்குள் போனவர்களில் ஒருத்தி, ஜெனிவீவ் என்ற ரத்தக்காட்டேரி, அன்றைய வயதிலேயே இன்றும் இருக்கிறாள். மற்றவர்கள் கிழடு தட்டிப்போயிருக்கிறார்கள்.

சாகசம் முடிந்தபின் சாகசக்காரர்கள் என்ன ஆகிறார்கள் என்று இந்த வகையில் கேட்ட நாவல்கள் குறைவு. தனிப் புத்தகமாகவே நிறைவாக முடிகிறது என்பது கூடுதல் வரம். இதன் ஒரே குறை, வார்ஹாமர் விளையாடுகிறவர் விதிகளையும் வரைபடங்களையும் தேடிப் படித்தால் ஏமாந்துபோவார் என்பதுதான்.

அடுத்த வாரம் ஆட்டம் நடத்தப்போகிற டன்ஜன் மாஸ்டருக்குத் தேவை வேறு. அவருக்கு நல்ல உரைநடையைவிட, திருடிக்கொள்ள வசதியான உலகம் முக்கியம். அந்தக் கணக்கில் 'தி சிட்டி ஆஃப் டவர்ஸ்' முந்துகிறது. எபெரான் உலகத்தை உருவாக்கிய கீத் பேக்கரே 2005-இல் எழுதியது. புதிய உலகம் வேண்டி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நடத்திய தேடலில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளில் தேர்வானது எபெரான். அந்த உலகத்தில் நூறாண்டுப் போர் ஒன்று முடிந்திருக்கிறது. ஒரு நாடே ஒரே நாளில் அழிந்துபோயிருக்கிறது. அந்த நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள் வேலை தேடி ஷார்ன் என்ற கோபுர நகரத்துக்கு வருகிறார்கள். அவர்களோடு பியர்ஸ் என்ற வார்ஃபோர்ஜ்ட், அதாவது போருக்கென்றே செய்யப்பட்ட, உணர்வுள்ள இயந்திர வீரன். போர் முடிந்துவிட்டால் அவன் எதற்கு? நல்ல கேள்வி. பதில் எழுதப்பட்ட விதம் சுமார்தான். உலகத்தை விளக்கும் ஆசை உரையாடலுக்குள் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. டன்ஜன் மாஸ்டருக்கு அதுவே வசதி.

இதே தேவைக்கு இன்னொன்று, டிராய் டென்னிங்கின் 'தி வெர்டன்ட் பாசேஜ்', 1991. அது நடக்கும் டார்க் சன் என்ற பாலைவன உலகத்தில் உலோகம் அரிது, காசுகூடச் சுட்ட மண்ணில்தான். மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சித்தான் வேலை செய்யும், கவனமில்லாமல் செய்தால் சுற்றிலும் சாம்பல். அவசரத்தில் எவ்வளவு பச்சையை எரிக்கலாம் என்று ஒரு பெண் மந்திரவாதி யோசிக்கும் இடங்களில் விதியும் கதையும் ஒன்றாகிவிடுகின்றன. ரெய்ஸ்ட்லினுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். எல்ஃபும் கம்ப்யூட்டரும் கார்ப்பரேட் கம்பெனியும் ஒரே ஊரில் வேண்டும் என்பவருக்கு ஷேடோரன் விளையாட்டின் 'நெவர் டீல் வித் எ டிராகன்', 1990. கம்பெனி விசுவாசி ஒருவன் தனக்கு மந்திரம் வருவதை நம்ப மறுப்பது அதில் நன்றாக இருக்கும், மீதி வேகமாக ஓடும். ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்துக்கு கிறிஸ்டி கோல்டனின் 'வாம்பயர் ஆஃப் தி மிஸ்ட்ஸ்', 1991. சோகமும் மூடுபனியும் பிடித்தவர்களுக்கு அது. அந்த உலகத்து ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராடே தன் கதையைச் சொல்லும் 'ஐ, ஸ்ட்ராட்' இன்னும் சுவாரசியம். ஆனால் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' ஆட்டத்தில் நீங்கள் இப்போது விளையாடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். உங்கள் டன்ஜன் மாஸ்டர் படிக்கட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதும் பரிந்துரையில் சேர்த்தி. டிராகன்லான்ஸில் க்ரானிக்கிள்ஸ் மூன்று, லெஜண்ட்ஸ் மூன்று, போதும். 2022-இல் அதே இருவர் தொடங்கிய புது வரிசை பழைய கதைக்குள் காலப்பயணம் போகிறது, அதனால் முந்தைய ஆறையும் படித்தவர்களுக்கு மட்டும். டிரிஸ்ட் முப்பது நாவல்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான். ஹோம்லேண்டும் அதைத் தொடரும் 'எக்ஸைல்', 'சோஜர்ன்' இரண்டும் சேர்ந்து ஒரு முழுக்கதை. அதற்குப் பிறகும் அவனோடு நடக்கத் தோன்றினால் கிரிஸ்டல் ஷார்டுக்குப் போங்கள், அப்போது அதன் கரடுமுரடு அவ்வளவாக உறுத்தாது.