மீன் வாடிக் கணக்குக்கு எந்த முகப்பு: அக்சஸா, ஜாங்கோவா?

திருகோணமலை கொட்பே துறையில் பலநாள் படகு ஒன்று மீன் இறக்கும்போது, எழுதுவினைஞரின் ஒரு கையில் எடைச் சீட்டு இருக்கும். மறு கை விசைப்பலகையில் இருக்கும். சூரை, பாரை, கெளவல்லா என்று வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். முகப்புக் கருவியை, அதாவது அவர் தரவைப் பதியும் திரையைத் தரும் மென்பொருளை, அந்தக் கைக்காகவே தேர்வுசெய்ய வேண்டும். பின்னால் தரவைக் காப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் என்று வைத்துக்கொள்வோம்.

மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் சுட்டியைத் தொடாமலே கட்டம் கட்டமாக நகரலாம். மேலே படகு, கீழே மீன் வரிகள் என்ற படிவத்தை அமைப்பதும் எளிது. போஸ்ட்கிரெஸின் அட்டவணைகளை ஓடிபிசி என்ற இணைப்பு முறை வழியே இணைத்தால், அக்சஸ் கோப்பின் 2 ஜிகாபைட் வரம்பு தரவைத் தொடாது. ஆனால் அது விண்டோஸில் மட்டுமே இயங்கும். முகப்புக் கோப்பின் தனிப்பிரதி ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். ஒரே கோப்பை எல்லோரும் திறந்தால் அது சிதையக்கூடும்.

கிண்ணியாவிலோ மூதூரிலோ இன்னொரு கொள்வனவு நிலையம் இருந்தால் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவையே எடுப்பேன். உலாவி போதும், திருத்தத்தை மையக் கணினியான வழங்கியில் ஒருமுறை செய்தால் எல்லா இடத்துக்கும் போய்விடும். ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் தானாகவே உருவாகிறது. ஆனால் எடை போடும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது, தனிப் படிவம் எழுதத்தான் வேண்டும்.

மின்வெட்டில்தான் உண்மையான வேறுபாடு தெரியும். 2022இன் இருட்டு நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜாங்கோவின் வழக்கமான படிவத்தில் சேமி பொத்தானை அழுத்தும்வரை எதுவும் தரவுத்தளத்துக்குப் போவதில்லை. இருபதாவது வரியில் கணினி அணைந்தால் இருபதும் போய்விடும். அக்சஸ் ஒரு வரியை விட்டு அடுத்ததற்குப் போகும்போதே முந்தையதைச் சேமிக்கிறது. அதனால் உழைப்பு மிஞ்சும், ஆனால் பாதிச் சீட்டும் முழுச் சீட்டுபோலவே உள்ளே நிற்கும். படகுக்காரருக்குக் குறைத்துப் பணம் கொடுத்துவிடுவோம்! ஆகவே ‘எடை முடிந்தது’ என்றொரு கட்டம் வையுங்கள்; அது குறிக்கப்படாத சீட்டுக்குக் கொடுப்பனவு கணக்கிடக் கூடாது என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதுங்கள்.

அக்சஸ் போன்ற லிப்ரே ஆபிஸ் பேஸ் இலவசம், சிறு அறிக்கைகளுக்கு உதவும். பிஜிஅட்மினை எழுதுவினைஞரிடம் கொடுக்கவே வேண்டாம்; அது தரவுத்தள நிர்வாகிக்கான கருவி.

எதைத் தேர்ந்தாலும் பழைய மீன் பெயர்ப் பட்டியலை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘சூரை’ தரவுத்தளத்துக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். தமிழில் தேடினால் அகப்படாது.