கியூஜிஐஎஸ் மேப்பை வெப்ல ஏத்த நாலு வழி: தேவகோட்டைன்னு ஒழுங்கா எழுதுதான்னு முதல்ல பாருங்க

சிவகங்கை மாவட்டக் கண்மாய் மேப் ஒண்ணு கியூஜிஐஎஸ்ங்கிற மேப் வரையிற சாப்ட்வேர்ல போட்டு வச்சிருந்தேன். கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு, ஊர்ப்பேரு எல்லாம் தமிழ்ல. ஆனா அதைப் பாக்க வேண்டியவங்க ஆயக்கட்டு விவசாயிங்க, அவங்க கைல இருக்கிறது போன்தான், அதனால வெப்ல ஏத்த நாலு வழியையும் போட்டுப் பாத்துட்டேன்.

முதல்ல கியூஜிஐஎஸ்2வெப் ப்ளகின். பட்டனை அமுக்குனா லீஃப்லெட் இல்லன்னா ஓப்பன்லேயர்ஸ் (ரெண்டும் பிரவுசர்ல மேப் காட்டுற கோட் லைப்ரரி) வச்சு ஒரு ஃபோல்டர் வந்துரும், எந்த ஹோஸ்டிங்லயும் தூக்கிப் போடலாம், சர்வர் செலவே இல்ல. லேபிளை பிரவுசரே எழுதுறதால தமிழ் சுத்தமா வரும். கஷ்டம் என்னன்னா மொத்த டேட்டாவும் ஜியோஜேசன்ங்கிற டெக்ஸ்ட் ஃபைலா போனுக்கு இறங்கணும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணோட தசம இடத்தை 6-ஆ குறைச்சிருங்க, அதுவே பத்து சென்டிமீட்டர் அளவு துல்லியம், கண்மாய்க் கரைக்கு அதுக்கு மேல எதுக்கு. சில நூறு பாலிகன் (கண்மாய் மாதிரி மூடின உருவம்) வரைக்கும் தாராளமா போதும், ஆனா ஒரு மடையைத் திருத்துனாலும் திரும்ப எக்ஸ்போர்ட், திரும்ப அப்லோட்.

ரெண்டாவது மேப்லிப்ரே, பிரவுசருக்குள்ளயே மேப்பை வரையிற லைப்ரரி, பாக்க அவ்ளோ அழகு, ஜூம் பண்ணா வழுக்கிட்டுப் போகும், வெக்டர் டைல் (துண்டு துண்டா வெட்டுன மேப் டேட்டா) எல்லாத்தையும் ஒரே பிஎம்டைல்ஸ் ஃபைலா வச்சுக்கலாம், தனியா மேப் சர்வரே வேண்டாம். இதுதான்னு நான் முடிவே பண்ணிட்டேன், அப்புறம்தான் மேப்ல தேவகோட்டைங்கிற ஊர்ப்பேரைப் பாத்தேன். இது பிரவுசரை எழுத விடாம எழுத்தை ஒவ்வொண்ணா தானே அடுக்குது, கொம்பு முன்னாடி வரணும்னு அதுக்குத் தெரியல, அதனால தே-வோட இரட்டைக்கொம்பு த-வைத் தாண்டி வ-வோட ஒட்டிக்கிச்சு, படிச்சா 'தவே'ன்னு வருது, கடைசி டை-ல ஐகாரக் குறி ட-வுக்குப் பின்னாடி தனியா நிக்குது. சொந்த ஊர்ப் பேரை இப்படி உடைச்சு ஒரு விவசாயிகிட்ட காட்ட எனக்கு மனசு வரல. இங்கிலீஷ் லேபிள் போதும்னா தாராளமா இதை எடுங்க.

மூணாவது ஜியோசர்வர், 2001-லயே ஆரம்பிச்ச ஜாவா மேப் சர்வர், யாருக்கு எந்த லேயர்னு பர்மிஷன் பிரிச்சுக் குடுக்க, கேஷ் பண்ண எல்லாம் உள்ளயே இருக்கு, பெரிய ஆபீஸுக்குப் பொருத்தம். ஆனா கியூஜிஐஎஸ் ப்ராஜெக்ட் ஃபைல் அதுக்குப் புரியாது, ஸ்டைலை எஸ்எல்டிங்கிற ஸ்டைல் ஃபைலா மாத்திக் குடுக்கணும், எக்ஸ்ப்ரெஷன் (ஃபார்முலா) வச்சு செஞ்ச லேபிள், ப்ளெண்டிங் (கலரைக் கலக்குறது) இதெல்லாம் அந்த வழியில உதிர்ந்துரும்.

நாலாவது, நான் எடுத்தது, கியூஜிஐஎஸ் சர்வரும் அதை வெப் பக்கமா காட்டுற லிஸ்மேப்பும். டெஸ்க்டாப்ல படம் வரையிற அதே இன்ஜின்தான் சர்வர்லயும் வரையுது, ப்ராஜெக்ட் ஃபைலை ஏத்துனா நம்ம கலர், நம்ம லேபிள் அப்படியே வருது. முதல் நாள் ஊர்ப்பேரெல்லாம் கட்டம் கட்டமா வந்து பதறிட்டேன், சர்வர்ல தமிழ் ஃபான்ட்டே இல்ல, நோட்டோ தமிழ் போட்டதும் சரியாயிருச்சு. மாசாமாசம் சர்வர் வாடகை உண்டு, மேப்பை நகர்த்துற ஒவ்வொரு தடவையும் புதுப் படம் வரணும், சிக்னல் இல்லாத ஊர்ல மெதுவாத்தான் இருக்கும். ஆனா எனக்கு அப்புறம் இதைப் பாத்துக்கப் போறவருக்கு டெஸ்க்டாப் மட்டும்தான் தெரியும், அவர் அங்க திருத்திட்டு ஃபைலை ஏத்துனா போதும், ஒரு வரி கோட் வேண்டாம். எனக்கு இதுதான் பெருசு.

எதை எடுத்தாலும் பரப்பளவுல கவனமா இருங்க. வெப் மேப் எல்லாம் பெரும்பாலும் 3857-ங்கிற நம்பர் உள்ள ப்ரொஜெக்ஷன் (உருண்டை பூமியைத் தட்டையா விரிக்கிற முறை), அதுலயே நேரா பரப்பைக் கணக்குப் போட்டா நம்ம பத்து டிகிரி அட்சரேகைல 3 சதவீதத்துக்கு மேலயே கூடிரும், 100 ஹெக்டேர் கண்மாய் 103-க்கு மேல காட்டும். ஆக்கிரமிப்பு பத்திப் பேச்சு ஓடுற இடத்துல அந்த 3 ஹெக்டேர் பெரிய சண்டையாயிரும். டெஸ்க்டாப்ல நம்ம பகுதிக்கான 32644 ப்ரொஜெக்ஷன்ல கணக்குப் போட்டு டேபிள்ல தனி காலமா வச்சு, வெப்ல அந்த நம்பரை மட்டும் காட்டுறேன்.

அடுத்து மடை நிலவரத்தை விவசாயிங்களே போன்ல குறிக்கிற மாதிரி லிஸ்மேப்ல எடிட்டிங் ஃபார்ம் வைக்கணும், அதுக்காக லேயரை போஸ்ட்ஜிஐஎஸ்ங்கிற மேப் டேட்டாபேஸுக்கு மாத்திட்டிருக்கேன்.