காணாமற்போன பிள்ளையைத் தேடும் இரண்டு படங்கள்: மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

'பிரிசனர்ஸ்' திறமான படம். 'கோன் பேபி கோன்' திறமான கேள்வி. ஒன்றைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். காரணத்தைச் சொல்லப் போனால் இரண்டின் முடிவையும் தொட்டாக வேண்டும். முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு இதற்கு வரலாம்.

முதலில் 2013இல் வந்த 'பிரிசனர்ஸ்'. டெனி வில்நேவ் இயக்கம், ரொஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு. பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில், பண்டிகை நாளொன்றில் இரண்டு சிறுமிகள் காணாமற்போகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் அறிவுள்ள ஓர் இளைஞனைப் பொலிஸ் பிடிக்கிறது. சாட்சியம் போதாமல் விட்டுவிடுகிறது. வெளியே வரும்போது அவன் முணுமுணுக்கும் ஒரு வரி, சிறுமிகளில் ஒருத்தியின் தந்தை கெல்லரின் காதில் மட்டும் விழுகிறது. அவ்வளவுதான். கெல்லர் அவனைக் கடத்திப் பாழடைந்த வீடொன்றில் அடைத்துவைத்து வதைக்கத் தொடங்குகிறார். குளியலறையைப் பலகைகளால் அடைத்து, ஒரு சிறிய துவாரம் மட்டும் விட்டு, உள்ளே கொதிநீரைத் திறந்துவிடும் காட்சியில் ஹியூ ஜக்மனின் முகத்தைப் பாருங்கள். வெறி கொஞ்சமும் கிடையாது. வேலையொன்றை முடிக்க வேண்டிய தச்சனின் கவனம்தான் அதில் இருக்கிறது. அதுதான் பயங்கரம்.

அமெரிக்கப் பார்வையாளருக்கு இங்கே வரும் கேள்வி, 'என் பிள்ளையென்றால் நானும் இதைச் செய்வேனா?' என்பது. நம் பக்கத்தில் இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களில் கணிசமானோர் கெல்லரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்க மாட்டார்கள். அடித்தால் சொல்வான் என்ற நம்பிக்கையின் மறுபக்கத்தில் இருந்தவர்கள், அல்லது இருந்தவர்களின் உறவினர்கள் அவர்கள். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. சித்திரவதைக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை என்று 1994இல் இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டும் ஒரே நாட்டுச் சட்டப் புத்தகத்தில்தான் இருந்தன. ஆகவே கெல்லரின் தர்மசங்கடம் நமக்குப் புதிதல்ல; அவருக்காக இரங்குவதுதான் சிரமம்.

படம் அவரை நியாயப்படுத்துகிறதா? இல்லை. உண்மை வெளிவருவது வதைக்கப்பட்டவனின் வாயிலிருந்து அல்ல, தப்பிவந்த சிறுமியின் வாயிலிருந்து. அந்த அளவில் எழுத்தாளர் கணக்குத் தவறவில்லை. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் முழுக் கொடுமையே உருவான ஒரு குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கேள்வியின் கனம் பாதி குறைந்துவிடுகிறது. பாம்புகளும் புதிர்வழிப் படங்களும் எனக்குத் தேவையாகப் படவில்லை. 153 நிமிடங்களில் இருபதைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

'கோன் பேபி கோன்' 2007இல் வந்தது. பென் அஃப்லெக் இயக்கிய முதல் முழுநீளப் படம். பொஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்பில் நான்கு வயது அமண்டா காணாமற்போகிறாள். தாய் ஹெலன் போதைப்பொருளுக்கு அடிமை. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு மதுச்சாலையில் இருந்தவள். துப்பறியும் இளைஞன் பட்ரிக் கடைசியில் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறான். எங்கே? ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் வீட்டில், நல்ல உணவோடும் அன்போடும். தாயிடமிருந்து காப்பாற்றவே தூக்கிவந்ததாக அவர் சொல்கிறார். பட்ரிக் முறைப்பாடு செய்வதா, வாயை மூடிக்கொண்டு திரும்புவதா?

கல்முனைக்காரருக்கு வேறொரு வழக்கு நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அங்குள்ள வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தில் பதியப்பட்ட கைக்குழந்தையை, மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகே 2005 பெப்ரவரியில் நீதிமன்றம் பெற்றோரிடம் ஒப்படைத்தது. அங்கே இரத்தம் பதில் சொன்னது. இந்தப் படத்தில் இரத்தத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பிள்ளை யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பமாகிறது.

இன்னொரு விதமாகவும் இது நம் கதை. வீடு பெண்ணுக்கு, குடி எனும் குலப்பிரிவு தாய்வழி என்று வாழும் மட்டக்களப்பில் பிள்ளைகள் அம்மம்மாவின் கையில் வளர்வது சாதாரணம். தாய் மத்திய கிழக்கில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள பெண் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதை அரசு கட்டுப்படுத்தியபோது, நல்ல தாய் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. படத்தை என்னோடு பார்த்த மாமி பாதியில் சொன்னார்: "நானும் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தானே குவைத்துக்குப் போனேன். பெரிய மனிதர் யாராவது வந்து, இவள் சரியில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்?" ஹெலனையும் தன்னையும் மாமி ஒரே தட்டில் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டது நியாயம்.

பட்ரிக் முறைப்பாடு செய்கிறான். அதிகாரி கைதாகிறார், பிள்ளை தாயிடம் போகிறது, காதலி அவனை விட்டுப் போகிறாள். அவன் செய்தது சரி என்பதே என் கட்சி. நல்ல காரணம் சொல்லித் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தவர்களை இந்தக் கரை நிறையவே கண்டிருக்கிறது.

படமாக்கத்தில் இது 'பிரிசனர்ஸ்' அருகில் நிற்காது. நடுவில் கல்லுடைக்கும் குழியில் நடக்கும் இரவுக் காட்சி குழப்பம். சதியின் பெரும்பகுதி வசனத்திலேயே விளக்கப்படுகிறது. எமி ரையன் மட்டும் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறார். அவருடைய ஹெலனை வெறுக்கவும் முடிவதில்லை, மன்னிக்கவும் முடிவதில்லை. ஒஸ்கார் பரிந்துரை அந்த நடிப்புக்குக் கிடைத்தது.

மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ', 1963. செல்வந்தரின் மகனென்று எண்ணி அவருடைய சாரதியின் மகனைக் கடத்திவிடுகிறார்கள். பணம் கொடுத்தால் செல்வந்தருக்கு எல்லாமே போய்விடும். முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரே அறையில் நடக்கிறது, அலுப்பில்லை.

வாழைச்சேனையில் படிப்பிக்கும் என் மச்சாள் பட்ரிக்கை இன்னும் மன்னிக்கவில்லை. வகுப்பில் காலைச் சாப்பாடில்லாமல் வந்து மேசையில் தலைவைத்துப் படுக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை, அதனால்தான் சட்டம் பேசுகிறேன் என்பது அவர் வாதம். அதற்கு என்னிடம் இருக்கும் பதில், அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், அதற்கு வேறொரு தாயைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டுமே. அவர் அதை ஏற்கவில்லை. நீங்கள் பார்த்தால் யார் பக்கம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள், இரண்டுமே அவர்களுக்கானவை அல்ல.