பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் அந்த டியூபைப் பாருங்கள்

முழங்கால் வலிக்குப் பி.ஆர்.பி. போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். நம் ரத்தத்தையே எடுத்து, அதில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் மஞ்சள் திரவப் பகுதியை, பிரித்து ஏற்றுவதுதான் பி.ஆர்.பி. பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதுபோல ஒரே ஒரு சின்ன டியூபில் ரத்தம் எடுத்தார்கள். அது ரொம்ப நேரம் ஸ்டாண்டில் கிடந்தது. அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் (டியூபை வேகமாகச் சுற்றி ரத்தத்தைப் பிரிக்கும் மெஷின்) ஒரு சுற்று. மேலே நின்ற மஞ்சள் திரவம் முழுவதையும் சிரிஞ்சில் உறிஞ்சி முழங்காலில் ஏற்றிவிட்டார்கள். வலி குறையவில்லையே என்று போய்க் கேட்டால், இன்னும் சில டோஸ் போட வேண்டும் என்று அடுத்த பில்லை நீட்டினார்கள்.

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் அத்தை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "டியூப் மூடி என்ன கலர்?" சாதாரண லேப் டியூப், சிவப்பு மூடி என்றேன். "அப்போ உனக்கு ஏத்தினது வெறும் சீரம்" என்றான்.

அவன் விளக்கியது இதுதான். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்காது. ரத்தம் உறைந்தால் பிளேட்லெட்டுகள் அந்தக் கட்டிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்; மேலே மிஞ்சும் மஞ்சள் நீர்தான் சீரம். பி.ஆர்.பி.க்கு, ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் கலந்த டியூபில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். முதல் சுற்று மெதுவாக: சிவப்பணு அடியில் படியும், பிளாஸ்மா மேலே நிற்கும், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம். மேலே இருப்பதை வேறொரு கிருமி நீக்கிய டியூபுக்கு மாற்றி இன்னும் வேகமாகச் சுற்றினால் பிளேட்லெட் அடியில் சேரும். மேல்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட வேண்டும்; அதில் பிளேட்லெட் சொற்பம். அடியில் மிஞ்சுவதைக் கலக்கினால் கிடைப்பதுதான் பி.ஆர்.பி. 30 மில்லி ரத்தம் எடுத்தால் 3 முதல் 5 மில்லி தேறும். எனக்கோ எடுத்த ரத்தத்தில் பாதி அளவு "பி.ஆர்.பி." வந்தது!

ஜெல் வைத்த கிட்களில் ஒரே சுற்றில் பிரிப்பதும் உண்டு, அதனால் ஒரு சுற்று என்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையைக் கேளுங்கள். நம் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும், பி.ஆர்.பி.யில் 10 லட்சம் அளவுக்கு எதிர்பார்ப்பார்கள். என் கிளினிக்கில் எண்ணவே இல்லை. "3000 ஆர்.பி.எம்.ல சுத்துறோம் சார்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மட்டும்தான்; டியூபைச் சுற்றும் ரோட்டரின் ஆரம் தெரியாமல், ரத்தத்தின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும் என்பதால் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். அதையும் யாரும் கேட்கவில்லை.

முறையாகச் செய்திருந்தால் என் வலி போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். 2021-ல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பி.ஆர்.பி.க்கும் உப்புநீர் ஊசிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைச் சொல்லாமல் பணம் வாங்கியதே தப்பு.

எனக்கு உண்மையில் பயம் வந்தது வேறொரு விஷயத்தில். என் டியூபில் பெயர் ஒட்டவில்லை. அதே மெஷினில் இன்னொருவர் டியூபும் சுற்றியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் 2018-ல் முகத்துக்குப் பி.ஆர்.பி. செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. விசாரணைக்குப் போனவர்கள் அங்கே பெயர் எழுதாத ரத்த டியூப்களைப் பார்த்திருக்கிறார்கள். நான் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். கிளினிக் மீது எழுத்துமூலம் புகாரும் போயிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று போன் செய்தார்கள். வாபஸ் வாங்கப் போவதில்லை.