பழைய கார்ட் ரேஸ் கேம் வாங்குகிறவர்களே, உஷார்: என் 180 டாலர் போய்விட்டது

ஒரிஜினல் சூப்பர் மாரியோ கார்ட், அட்டைப்பெட்டியோடு, என்று சொல்லி 180 டாலர் வாங்கிக்கொண்டு எனக்குப் போலி கேட்ரிட்ஜை (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுதான் என் புகாரையும் மூடினார்கள். பழைய பொருட்களைத் தனியாட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் நடந்தது இது.

இந்த கேம் 1992இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது. அதற்கு முன்பு வந்த நின்டெண்டோவின் எஃப்-ஸீரோ ஒருவர் மட்டும் ஆடும் ரேஸ் கேம். அதையே இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று முயன்றபோது பிறந்ததுதான் இது. திரையை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு பாதைகளையும் ஒரே நேரத்தில் சுழற்றிக் காட்டும் கணக்கு, அந்தக் கன்சோலின் பிராசஸருக்குத் தாங்காத வேலை. அதனால் கேட்ரிட்ஜுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற தனி சிப்பை வைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு சிறிய பேட்டரி, டைம் ட்ரையல் (நேரத்தோடு போட்டி போட்டுத் தனியாக ஓட்டுவது) ரெக்கார்டுகள் அழியாமல் இருக்க. எங்களைப் போலச் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது இந்த சிப்பும் பேட்டரியும் பொருத்திய ஒரிஜினல் சர்க்யூட் போர்டுக்குத்தான். ஆட மட்டும் வேண்டும் என்றால் வேறு எத்தனையோ வழி இருக்கிறது.

விற்றவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, கேட்ரிட்ஜைத் திறந்து டிஎஸ்பி-1 தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினார். கேமில் வரும் ரெயின்போ ரோட் என்ற பாதையில் தடுப்பே இல்லாமல் கீழே விழுவதைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசினார். நம்ம ஆள் என்று தோன்றியது. பணம் அனுப்பினேன்.

வந்ததைப் போட்டால் ஓடுகிறது. ஆனால் அணைத்துவிட்டுப் போட்டால் ரெக்கார்டு எதுவும் இல்லை. "பழைய பேட்டரி, தீர்ந்திருக்கும், சகஜம்தான்" என்றார். சரி என்று 3.8 மி.மீ. திருப்புளியால் திறந்தேன். பேட்டரியே இல்லை! நின்டெண்டோ பெயர் அச்சிடாத புது போர்டு. டிஎஸ்பி-1 இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத ஏதோ ஒரு சிப். போட்டோவில் நான் பார்த்த போர்டு வேறு, எனக்கு வந்தது வேறு.

போட்டோ எடுத்து அனுப்பியதும், "நீங்களே மாற்றி வைத்துவிட்டுக் கேட்கிறீர்களா?" என்றார். அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து முதலிலிருந்து கேட்கிறார். கடைசியில் சொன்ன காரணம், நான் கேட்ரிட்ஜைத் திறந்துவிட்டேனாம், அதனால் திருப்பித் தர முடியாதாம். திறக்காமல் போலி என்று எப்படி நிரூபிப்பது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 180 டாலர் அவர் கையில். அதே போட்டோவை வைத்து இன்னொன்றும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: போர்டு போட்டோ கேட்கும்போது, பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து கேட்ரிட்ஜைத் திறப்பது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். திறந்து பார்த்தாலும் திருப்பி எடுப்பேன் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.