படகில் மூக்கு நீட்டும் லென்ஸ்: மங்களாஜோடியில் நான்கு பனிக்காலம்

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். நான் வைத்திருக்கும் அதே 150-600 லென்ஸ் (150 மி.மீ.-லிருந்து 600 மி.மீ. வரை ஜூம் ஆகும்; எண் கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்), செகண்ட் ஹேண்ட், 48,000 ரூபாய். "அண்ணா, நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, எடுக்கலாமா?" என்றான். என் லென்ஸ் சர்வீஸிலிருந்து திரும்பி இருபது நாள்கூட ஆகவில்லை. அந்தச் சூட்டோடு பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று, "எழுதித் தரேன் இரு" என்றேன். எழுதும்போதும் சூடு முழுக்க ஆறிவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை, அபெர்ச்சர், உள்ளே எத்தனை கண்ணாடி என்பதெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும். சிறு படகில் உட்கார்ந்து நீர்ப்பறவை எடுக்க இந்த லென்ஸ் சரிப்படுமா என்பதுதான் அவன் கேள்வி. அவனும் டிசம்பரில் என்னோடு ஒடிசாவில் இருக்கும் மங்களாஜோடிக்கு வரப்போகிறான்.

சென்னைக்காரனுக்குப் பழவேற்காடுதானே பக்கம் என்று எல்லோரும் கேட்பார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று நடந்த படகு விபத்தில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை. தடையை மீறி யாராவது கூட்டிப்போகத் தயாராக இருந்தாலும் நான் ஏறமாட்டேன். கரையில் நின்று எடுத்தால் பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் விழும். அதனால் கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடித்து புவனேஸ்வரம், அங்கிருந்து சாலையில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். சிலிகா ஏரியின் வடக்கு ஓரத்தில் கோரைப்புல்லும் சேறுமாகக் கிடக்கிற ஊர் மங்களாஜோடி.

சிலிகா 1981-லேயே ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த ஏரி; இந்தியாவில் முதலில் சேர்ந்த இரண்டில் ஒன்று. ஆனால் மங்களாஜோடி அப்போதெல்லாம் பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஊர்க்காரர்களே பறவைகளைக் காக்கக் குழு அமைத்தார்கள். அன்று வலையும் விஷமும் வைத்தவர்களில் பலர் பிறகு காவலுக்கு மாறினார்கள். படகுக்காரர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். படம் எடுப்பவனுக்கு இதனால் கிடைக்கும் நன்மை கொஞ்சநஞ்சமில்லை. எந்தப் பறவை எத்தனை அடிக்குள் போனால் எழும்பும், தலையை எப்படித் திருப்பினால் பயந்துவிட்டது என்று அர்த்தம், எந்தப் பக்கமிருந்து படகை மிதக்கவிட்டால் கண்டுகொள்ளாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கணக்கு. மோட்டார் கிடையாது. தார் பூசிய, தட்டையான அடிப்பாகம் உள்ள மரப்படகு. பின்னால் நின்று மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவார்கள். "ஆஸ்தே, ஆஸ்தே" என்பார் என் படகுக்காரர். மெதுவாக என்று பொருள். படகை விட என் கைக்குத்தான் அதைச் சொல்கிறார்.

இப்போது லென்ஸ். நல்லதை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பொறுமை இருக்காது.

படகில் டிரைபாட் வேண்டவே வேண்டாம். படகுக்காரர் ஒரு காலை மாற்றி வைத்தால்கூட அந்த ஆட்டம் மூன்று கால் வழியாகவும் கேமராவுக்கு ஏறும், உயரமும் தப்பு. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் படத்தில் உயிர் வரும். நான் அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வேன். முன்னால் பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த பை. சென்னையிலிருந்து காலிப் பையாகவே கொண்டுபோய், மங்களாஜோடிக்குப் பக்கத்து ஊரான தாங்கியின் சந்தையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன். திரும்பும்போது அரிசி படகுக்காரர் வீட்டுக்கு. இந்தப் பையின் மேல் லென்ஸின் பாதத்தை வைத்தால் இரண்டு கிலோ எடை இருப்பதே தெரியாது. தண்ணீரிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் முன்கண்ணாடி. நெடுங்கால் உள்ளான் நடந்து வருவதை அதன் முழங்கால் உயரத்திலிருந்து பார்த்த முதல் காலை இன்னும் நினைவிருக்கிறது.

ஜூம் ஆகாத, ஒற்றை ஃபோகல் நீள லென்ஸ் வாங்கு என்று சொன்னவர்கள் எல்லாம் கரையிலிருந்து எடுப்பவர்கள். மங்களாஜோடியில் பறவை பக்கத்தில் வந்துவிடும். நீலத் தாழைக்கோழி பத்தடியில் கோரைத்தண்டை ஒரு காலில் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும். அதே நேரம் இருநூறு அடி தள்ளி ஊசிவால் வாத்துகள் இறங்கும். படகை நம் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. கழி ஊன்றிய சத்தத்தில் பாதி பறவை போய்விடும். அந்த இடத்தில் 150-லிருந்து 600 வரை கைக்குள் இருப்பது பெரிய வரம். நான்கு வருடப் படங்களைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்தவற்றில் பாதி 300-க்குக் கீழே எடுத்தவை. ஜனவரிப் பனிமூட்டத்துக்குள் ஒரு செந்நாரை, சுற்றிலும் வெறும் வெள்ளை. அதை 600-இல் எடுத்திருந்தால் வெறும் நாரைதான் இருந்திருக்கும்.

படத்தின் கூர்மையில் குறை சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது. 500-இல் அபெர்ச்சரை எஃப் 7.1-க்கு வைத்தால் மீசை ஆலாவின் இறகு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். முதல் வருடம் நானும், 600-இல் மழுங்குகிறதே என்று இந்த லென்ஸைத் திட்டினேன். தப்பு என்னுடையது. பத்து மணிக்கு மேல் வெயிலேறினால் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நெளியத் தொடங்கும். தார் ரோட்டில் கானல் தெரிகிற மாதிரிதான். அந்தக் காற்றின் வழியாக நூறு அடி தாண்டி எடுத்தால் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் பறவையின் கண் மழுங்கித்தான் விழும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை எடுத்துவிட்டு மூடி வைத்துவிட வேண்டும். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனும் நன்றாகவே உழைத்தது. நகராமல் நின்ற காணாங்கோழி ஒன்றை, வெளிச்சமே வராத நேரத்தில் 1/160 நொடியில் எடுத்தேன். கண்ணுக்குள் கோரை நிழல் தெரிகிறது. பறப்பவற்றுக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் குறைக்காதே. ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் ஸ்விட்சைப் படகில் தொடவே தொடாதே. பத்து மீட்டருக்கு உள்ளே வேண்டாம் என்று பூட்டி வைத்த அன்றுதான் நீளவால் இலைக்கோழி ஐந்து மீட்டரில் ஆம்பல் இலைமேல் வந்து நின்றது. பனிக்காலத்தில் அதற்கு அந்த நீள வால் இருக்காது, கோடையில்தான் வளரும். ஆனாலும் என்ன அழகு.

சரி, மூக்கு.

இந்த லென்ஸ் ஜூம் செய்தால் நீளும். முன்பகுதி முழுவதும், அந்தப் பெரிய கண்ணாடியோடு, வெளியே வரும். 150-இல் ஒரு முழத்துக்கும் குறைவாக அடங்கி இருப்பது 600-இல் வளர்ந்து நிற்கும். வாங்கிய முதல் மாதத்திலிருந்தே, கீழ்நோக்கிப் பிடித்தால் தானாகவே வழுக்கி இறங்கியது. படகில் சும்மா இருக்கும்போது லென்ஸை மடியில் சாய்த்து வைத்திருப்போம் இல்லையா? கழி ஒருமுறை ஊன்றினால் படகு ஒரு உந்து உந்தும். ஒவ்வொரு உந்தலுக்கும் மூக்கு அரை விரற்கடை வெளியே வரும். பத்து உந்தலில் 600. நாம் கவனித்திருக்க மாட்டோம்.

அதற்குப் பூட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 150-இல் மட்டும். பூட்டி வைத்திருக்கும்போது பறவை எழும்பினால் ஜூம் ரிங் திரும்பாது. கட்டைவிரல் ஸ்விட்சைத் தேடிப்போய்த் திறப்பதற்குள் வானம் காலி. திறந்து வைத்தால் வழுக்கும். நான்கு வருடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் இடது கை வாழ்ந்தது. ரிங்கும் ஒரே திருப்பில் முழுத் தூரம் போகாது. ஒருமுறை திருப்பி, பிடியை மாற்றி, மறுபடி திருப்ப வேண்டும்.

இரண்டாவது வருட மார்ச். கருவால் மூக்கன்கள் வடக்கே கிளம்பும் நேரம். கழுத்தெல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. சேற்றுத்திட்டில் எண்ணிக்கையே இல்லாமல் நெருக்கியடித்து நின்று மேய்ந்தன. நாங்கள் இருபது மீட்டரில், மிதந்தபடி. கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. படகுக்காரர் என் காலைத் தட்டினார். அவர் வாய் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. அந்தச் சத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளை வால் ஒன்று, இறக்கையின் வெள்ளைப் பட்டை ஒன்று, மறுபடி சாம்பல். மூக்கு 600-இல் நின்றது. ஒருமுறை திருப்பி, பிடி மாற்றி, மறுபடி திருப்பி 200-க்கு வந்தபோது கூட்டம் ஒரு வளைவு வளைந்து தூரத்தில் புகைபோல இருந்தது. படகுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கழியை எடுத்து வேறு பக்கம் திருப்பினார்.

அந்த மாதிரி ஒரு எழுச்சி அதன்பிறகு இரண்டு வருடமாக எனக்கு அமையவில்லை. பறவைகள் இருந்தன, பருந்து வந்தது. நான் சரியான இடத்தில் இல்லை.

மூக்கு நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், சுருங்கும்போது தள்ளும். மூச்சு விடுவது போலத்தான். ஏரிக்காலைப் பனியில் ஒரு நாளைக்கு நூறு முறை இழுத்துத் தள்ளினால் ஈரமும் தூசியும் எங்கே போகும்? நான்காவது வருட மழைக்காலம் முடிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, முன்கண்ணாடிக்குப் பின்னால் நூல் நூலாக வெள்ளை. பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைத்திருந்தேன். மணி நிறம் மாறினால் வறுத்துப் போடுவேன். சென்னையில் அது மட்டும் போதவில்லை. சர்வீஸுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. 18,400 ரூபாய். பூஞ்சை போனது, அதை ஒத்துக்கொள்கிறேன், வேலை சுத்தம். ஆனால் அந்தப் பனிக்காலத்தின் ஜனவரி முழுவதும் லென்ஸ் அவர்களிடம் கிடந்தது. வழுக்கலையும் சரிசெய்யுங்கள் என்று சீட்டிலேயே எழுதியிருந்தேன். "முன்னாடி வெயிட் சார், அப்படித்தான் வரும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இப்போது முன்னைவிடச் சுலபமாக வழுக்குகிறது. ரிங் பாதித் தூரத்தில் கரகரக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டுதான் போனேன். மூன்று நாளும் பறவையைப் பார்த்ததைவிட அந்த மூக்கைப் பார்த்ததுதான் அதிகம்.

நீளாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ் கிடைக்காத காலமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சோனியின் 200-600 2019-லேயே அப்படித்தான் வந்தது. நிகானின் இசட் 180-600-உம் 2023-இல் அப்படித்தான் வந்தது. இரண்டும் விலை அதிகம். கேமராவையும் மாற்ற வேண்டியிருக்கும். எனக்கும் அது இப்போதைக்கு முடியாது.

ஆகவே தம்பி, இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, நல்லதாகத்தானே நிறையச் சொல்லியிருக்கிறீர்கள் என்பாய். ஆமாம். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஐந்து படமும் இந்த லென்ஸில் எடுத்தவை. கரையிலிருந்து, மரத்தடியிலிருந்து எடுப்பவன் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பேன். நீ படகுக்குக் கேட்கிறாய். வாங்காதே. 48,000 அல்ல, 30,000-க்கு வந்தாலும் வாங்காதே. பணத்தைச் சேர்த்து வை. டிசம்பருக்கு வேண்டுமானால் மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்.

இவ்வளவு சொல்லியும் நீ அதை வாங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த விளம்பரத்தை நீ பார்த்த விதம் அப்படி. வாங்கினால் முன்கண்ணாடிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதே. கீழ்நோக்கிப் பிடித்துக் குலுக்கிப் பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. சைக்கிள் டியூபில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, பாதி ரிங்கின் மேலும் பாதி பேரலின் (லென்ஸ் குழலின்) மேலும் வருகிற மாதிரி மாட்டினால் வழுக்கல் நிற்கும், ரிங்கும் திரும்பும். போன வாரம்தான் என்னுடையதற்குப் போட்டேன். மொட்டை மாடியில் கீழ்நோக்கித் தொங்கவிட்டுக் குலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. டியூபில் இன்னும் நிறைய மீதி இருக்கிறது.